தாவரப் பிசினின் வலிமையை அறிவது எப்படி?

(கூட்டுறவு ஆய்வாளர் ஒருவர்)

நூலை வாங்கும் முன் அதன் நம்பரையும் பலத்தையும் கேட்பது நெசவாளர் கூட்டுறவுச் சங்கங்களில் நெடுநாளாக இருந்து வரும் வழக்கமாகும். பருத்தி விளைவிப்போரும் இழையின் நீளத்தையும் உறுதியையும் கொண்டே தம் சரக்கிற்கு விலை பேசுகின்றனர். ஆயினும், முன்பின் அறியாத புதுச் சரக்கு ஒன்று நம் முன்னே வந்து நிற்கும்போது இந்த நல்ல வழக்கத்தை மறந்து விடுகிறோம். அவ்வாறு இந்நாளில் வந்திருக்கும் சரக்குகளுள் ஒன்று, தாவரப் பொருள்களிலிருந்து செய்யப்படும் எபாக்சிப் பிசின். துணியையோ நாரையோ இப்பிசினில் தோய்த்து, அச்சில் வைத்து அழுத்தி இறுகவிட்டால் உறுதியான பலகை கிடைக்கும். மரப்பலகைக்கும் தகரத்திற்கும் பதிலாக இதனைப் பயன்படுத்தலாம் என்றும், நெசவாளருக்கும் விவசாயிக்கும் இதனால் புதுச் சந்தை திறக்கும் என்றும் பேசப்படுகிறது.

ஸ்ரீவில்லிபுத்தூரை அடுத்த திருவண்ணாமலை, மலைமேல் கோயில் கொண்ட ஸ்ரீனிவாசப் பெருமாளால் தென் திருப்பதி எனப் புகழ் பெற்ற ஊர். அதைச் சுற்றியுள்ள வட்டாரத்தில் தென்னையும் வாழையும் உண்டு. ஸ்ரீவில்லிபுத்தூரிலும் சுந்தரபாண்டியத்திலும் கைத்தறி உண்டு. ராஜபாளையத்தில் நூற்பாலைகளும், சத்திரப்பட்டியில் மருத்துவக் கட்டுத் துணி நெசவும் உண்டு. இத்தகைய வட்டாரத்திலுள்ள நம் அங்கத்தினர்கள் இப்புதுச் சரக்கைப் பற்றி மூன்று கேள்விகள் கேட்பது நியாயமேயாகும். இஃது உண்மையில் தாவரச் சரக்குத்தானா? இதன் பலம் என்ன? நம் துணிக்கும் நாருக்கும் இதில் இடம் உண்டா? இம்மூன்றுக்கும் விடை காண்பதே இக்கட்டுரையின் நோக்கம்.

எபாக்சி என்பது யாது?

இரண்டு குழாய்களில் விற்கப்படும் அரல்டைட் என்னும் ஒட்டுப் பசையை அறியாதவர் நம்மில் மிகச் சிலரே. ஒரு குழாயில் இருப்பது பிசின். மற்றதில் இருப்பது கெட்டியாக்கி. இரண்டையும் கலந்து வைத்தால் சில மணி நேரத்தில் கல்போல் இறுகிவிடும். இறுகிய பின் சூடேற்றினாலும் அது மீண்டும் உருகுவதில்லை. இதுவே எபாக்சி. 1930களில் ஜெர்மனியில் பால் ஷ்லாக் என்பவரும், சுவிட்சர்லாந்தில் பியேர் காஸ்தான் என்பவரும் இத்துறையில் முதல் வேலைகளைச் செய்தனர். 1946-இல் அரல்டைட் சந்தைக்கு வந்தது. இன்று காற்றாலைகளின் பெரிய இறகுகள் பலவும் கண்ணாடி நாரை இத்தகைய பிசினில் தோய்த்துச் செய்யப்படுபவையே.

பிசினின் அணுத் தொகுதிகள் நீண்ட சங்கிலிகள் போன்றவை. கெட்டியாக்கி அச்சங்கிலிகளைக் குறுக்கே பிணைக்கிறது. பாவும் ஊடையும் நெருங்கி நெய்யப்பட்ட துணி விறைப்பாகவும், இடைவெளி விட்டு நெய்யப்பட்ட துணி தொய்வாகவும் இருப்பதை நாம் அறிவோம். பிசினிலும் அவ்வாறே. குறுக்குப் பிணைப்புகள் நெருங்கியிருந்தால் விறைப்பும் வலிமையும் மிகும். விலகியிருந்தால் தொய்வும் இளக்கமும் மிகும். பின்னால் சொல்லப்போகும் யாவற்றுக்கும் இந்த ஓர் உவமையே அடிப்படையாகும்.

தாவரப் பங்கு எவ்வளவு?

வழக்கமான எபாக்சி, பிஸ்பீனால்-ஏ, எபிகுளோரோஹைட்ரின் என்னும் இரண்டு ரசாயனங்களைச் சேர்த்துச் செய்யப்படுகிறது. இரண்டும் பெட்ரோலியத்திலிருந்து வந்தவையாகவே நெடுங்காலம் இருந்தன. இப்போது எபிகுளோரோஹைட்ரினைக் கிளிசரினிலிருந்தும் செய்கின்றனர். எண்ணெயிலிருந்து சோப்பும் பயோடீசலும் செய்யும்போது உடன் கிடைக்கும் பொருள் கிளிசரின். இம்முறையிலான பெருந்தொழிற்சாலை தாய்லாந்தில் 2012-இலும், நம் நாட்டில் குஜராத்தைச் சேர்ந்த தஹேஜில் 2022-இலும் தொடங்கப்பட்டது.

இவ்வழியில் வரும் பிசினைப் பற்றி ஒரு சிறு கணக்கு. அப்பிசினின் அடிப்படை அணுத் தொகுதியில் 21 கார்பன் அணுக்கள் உள்ளன. அவற்றுள் 15 பிஸ்பீனால்-ஏயிலிருந்தும், 6 எபிகுளோரோஹைட்ரினிலிருந்தும் வருபவை. கிளிசரினிலிருந்து வந்தது அந்த 6 மட்டுமே. ஆகவே தாவரப் பங்கு 21-இல் 6. அதாவது நூற்றுக்குச் சுமார் 28. எஞ்சிய 72 பங்கும் பெட்ரோலியமே. இதனை "இயற்கைப் பிசின்" என்று மட்டும் சொல்லி விற்பது முழு உண்மையாகாது. ஆனால் இதில் ஒரு நன்மையும் உண்டு. மூலப்பொருள் எதுவாயினும் முடிவில் கிடைக்கும் பொருளின் ரசாயன அமைப்பு ஒன்றேயாதலால், இதன் வலிமை பழைய எபாக்சியின் வலிமையே.

இரண்டாவது வழி, தாவர எண்ணெயையே பிசினாக்குவது. எண்ணெயின் சங்கிலிகளில் உள்ள இரட்டைப் பிணைப்புகளை ஹைட்ரஜன் பெராக்சைடைக் கொண்டு எபாக்சி வளையங்களாக மாற்றுகின்றனர். எந்த எண்ணெய் இதற்குத் தகும் என்பதை அதன் அயோடின் எண் காட்டும். தேங்காய் எண்ணெயின் எண் 6 முதல் 11 வரை. பருத்திவிதை எண்ணெய்க்கு 100 முதல் 123 வரை. சோயா எண்ணெய்க்கு 124 முதல் 139 வரை. ஆளிவிதை எண்ணெய்க்கு 170-க்கும் மேல். எண் உயர உயர வளையங்கள் மிகும். எனவே தேங்காய் எண்ணெயிலிருந்து எபாக்சி வரும் என்று யாரேனும் தென்னை விவசாயியிடம் சொன்னால், அதை ஏற்பதற்கு முன் இந்த எண்ணை நினைவில் கொள்ள வேண்டும். பருத்திவிதை எண்ணெய்க்கு இடம் உண்டு.

எண்ணெய்ப் பிசினில் ஒரு குறையும் உண்டு. பெட்ரோலியப் பிசினில் எபாக்சி வளையங்கள் சங்கிலியின் நுனிகளில் இருப்பதால் கெட்டியாக்கியுடன் விரைந்து சேரும். எண்ணெயிலோ அவை சங்கிலியின் நடுவில் இருக்கின்றன; ஆதலால் சேர்க்கை மெதுவாக நடைபெறும்; பிணைப்பும் விலகி அமையும். இதனால் கிடைப்பது தொய்வான பொருள். ஆகவே எண்ணெய்ப் பிசினைத் தனியே பயன்படுத்தாமல், பழைய எபாக்சியுடன் ஒரு பங்காகக் கலப்பதே பெரும்பாலும் நடைபெறுகிறது.

மூன்றாவது வழி முந்திரிக் கொட்டையின் ஓட்டிலிருந்து வருவது. பண்ருட்டிப் பக்கத்தில் முந்திரி உடைப்போரின் கையைப் புண்ணாக்கும் அந்த ஓட்டு எண்ணெயைச் சூடாக்கினால் கார்டனால் என்னும் பொருள் கிடைக்கிறது. அதிலிருந்து பிசினும் செய்கின்றனர், கெட்டியாக்கியும் செய்கின்றனர். இதன் நீண்ட வால் போன்ற சங்கிலி இளக்கத்தைத் தரும்.

எந்த வழியில் வந்ததாயினும், தாவரப் பங்கை அளந்தறிய முடியும். தாவரத்தில் கார்பன்-14 என்னும் கதிரியக்கக் கார்பன் சிறிதளவு உண்டு. கோடிக்கணக்கான ஆண்டுகளாகப் பூமியில் புதைந்து கிடந்த பெட்ரோலியத்தில் அது இராது. ஏ.எஸ்.டி.எம். டி 6866 என்னும் முறை இதனைக் கொண்டே தாவரக் கார்பனின் பங்கை நூற்று வீதத்தில் தருகிறது. முதற் கேள்விக்கு விடை இச்சோதனையில் உள்ளது.

பலத்தை அளப்பது

நூலின் பலத்தை நாம் எவ்வாறு அளக்கிறோம்? ஒன்றரை கஜச் சுற்றளவுள்ள சட்டத்தில் 80 சுற்றுச் சுற்றி 120 கஜச் சிட்டம் எடுத்து, அதை அறுக்கும் விசையைப் பவுண்டில் கண்டு, நூலின் நம்பரால் பெருக்குகிறோம். 40-ஆம் நம்பர் நூல் 50 பவுண்டில் அறுந்தால் பெருக்கல் தொகை 2000. நம்பரால் பெருக்குவது ஏன்? மெல்லிய நூலையும் தடித்த நூலையும் ஒரே தராசில் நிறுக்கும் பொருட்டே.

பிசின் பலகையிலும் நியாயம் இதுவே. அறுக்கும் விசையைத் துண்டின் குறுக்குப் பரப்பால் வகுக்க வேண்டும். அவ்வாறு வரும் அளவை மெகாபாஸ்கல் என்பர். ஒரு சதுர மில்லிமீட்டருக்கு ஒரு நியூட்டன் விசை என்பது அதன் பொருள். சதுர சென்டிமீட்டருக்குச் சுமார் 10.2 கிலோ என்றும் கொள்ளலாம்.

இழுவைச் சோதனைக்கான ஏ.எஸ்.டி.எம். டி 638 முறையில், 165 மில்லிமீட்டர் நீளமும் நடுவில் 13 மில்லிமீட்டர் அகலமும் 3.2 மில்லிமீட்டர் கனமும் உள்ள துண்டு வழக்கமானது. நடுவில் ஒடுங்கி, இரு முனைகளிலும் அகன்றிருக்கும். இயந்திரம் இரு முனைகளையும் பிடித்து மெல்ல இழுக்கும். துண்டின் பரப்பு 41.6 சதுர மில்லிமீட்டர். பிசின் 60 மெகாபாஸ்கல் வலிமையுடையதாயின் 2,496 நியூட்டன் விசையில், அதாவது சுமார் 254 கிலோ பாரத்தில் அறும். விரலகலமும் இல்லாத துண்டு மூன்று நெல் மூட்டைகளுக்கு மேல் தாங்குகிறது. நாரில்லாத வழக்கமான எபாக்சியின் இழுவை வலிமை பெரும்பாலும் 50 முதல் 80 மெகாபாஸ்கலுக்குள் இருக்கும்.

இரண்டாவது, வளைவுச் சோதனை. டி 790 முறையில், துண்டை இரு தாங்கிகளின்மேல் வைத்து நடுவில் அழுத்துகின்றனர். தாங்கிகளின் இடைவெளி கனத்தைப் போல் 16 மடங்கு. அலமாரித் தட்டும் நாற்காலி இருக்கையும் வளைவையே தாங்க வேண்டியிருப்பதால், நமக்கு இச்சோதனை மிகவும் பயன்படும்.

மூன்றாவது, தாக்குச் சோதனை. டி 256 முறையில், சிறு வெட்டுப் போட்ட துண்டை ஊசல் போல் வீசும் சம்மட்டியால் அடித்து, அதை உடைக்கச் செலவான ஆற்றலை அளக்கின்றனர். தாவரப் பிசினின் குணம் இங்கே நன்கு விளங்கும். வழக்கமான எபாக்சி வலிமையுள்ளது, ஆனால் அடிபட்டால் கண்ணாடி போல் விரிசல் காணும். அதில் எண்ணெய்ப் பிசினைச் சிறு பங்கு கலந்தால் இழுவை வலிமை சற்றே குறைந்து, தாக்கைத் தாங்கும் தன்மை மிகுவதைப் பல சோதனைகள் காட்டியுள்ளன. பங்கு மிக மிக, வலிமையின் இறக்கமும் மிகும். ஆகையால் "வலிமை கூடியது" என்று ஒரு விற்பனையாளர் சொன்னால், எந்த வலிமை என்று கேட்க வேண்டும்.

இம்மூன்றோடு சூட்டையும் நீரையும் சேர்க்க வேண்டும். ஒவ்வொரு பிசினும் ஒரு குறிப்பிட்ட வெப்பநிலையைத் தாண்டினால் விறைப்பிழந்து இளகும். எண்ணெய்ப் பங்கு மிகுந்தால் அவ்வெப்பநிலை இறங்குவது பொது இயல்பு. சோதனைச்சாலையின் அளவுகள் 23 பாகை வெப்பத்திலும் நூற்றுக்கு 50 ஈரப்பதத்திலும் எடுக்கப்பட்டவை. சித்திரை வெயிலில் கிடக்கும் கருநிறப் பலகை 60 பாகையைத் தாண்டுவது அரிதன்று. குளிர்ந்த அறையில் பெற்ற எண் நம் ஊர்க் கூரைக்குப் பொருந்தும் என்று கொள்வது தவறாகும். அன்றியும், இச்சோதனைகள் சில நிமிடங்களில் முடிபவை. மாதக்கணக்கில் பாரம் சுமந்து பலகை தொய்வதை இவை காட்டா. அதற்குத் தனிச் சோதனை உண்டு.

கிருஷ்ணன்கோவிலில் நடப்பது

இச்சோதனைகளைக் காண வெளிநாடு செல்ல வேண்டியதில்லை. ஸ்ரீவில்லிபுத்தூருக்கு அருகே கிருஷ்ணன்கோவிலில் 1984-இல் பொறியியற் கல்லூரியாகத் தொடங்கி, பின்னர் நிகர்நிலைப் பல்கலைக்கழகமாக உயர்ந்த கலசலிங்கம் கல்வி நிலையத்தில், நாரும் பிசினும் சேர்ந்த பொருள்களுக்கென்றே ஓர் ஆராய்ச்சி மையம் நடந்து வருகிறது. அங்கு ஆராயப்பட்ட பொருள்களுள் ஒன்று நம் அங்கத்தினருக்குச் சுவை தரும். அது தென்னை மட்டையின் அடியில் சுற்றியிருக்கும் பன்னாடை. பன்னாடையை உற்றுப் பார்த்தால், நார்கள் ஒன்றன்மேல் ஒன்று குறுக்காகப் படிந்து, தறியில் நெய்த துணிபோல் இருக்கும். ஆராய்ச்சியாளர்கள் இதனை "இயற்கையாகவே நெய்யப்பட்ட" நார்த்துணி என்றே தம் கட்டுரைகளில் குறிக்கின்றனர். அடுப்பெரிக்கவும், பதநீர் வடிகட்டவும் மட்டும் பயன்பட்ட பொருளைப் பாலியெஸ்டர் பிசினில் தோய்த்து, கார நீரில் ஊறவைத்தும் ஊறவைக்காமலும் பலகை செய்து, இழுத்தும் வளைத்தும் அடித்தும் பார்த்துள்ளனர். அவர்கள் எடுத்தது எபாக்சியன்று, பாலியெஸ்டரே. எனினும் சோதிக்கும் முறை ஒன்றுதான்.

இத்துறையில் பொதுவாகக் கண்ட உண்மை ஒன்றுண்டு. நார் எத்துணை உறுதியாயினும், பிசின் அதைப் பற்றாவிடில் பயனில்லை. அறுந்த துண்டின் முனையைப் பாருங்கள். நார்கள் தூரிகைபோல் நீட்டிக்கொண்டிருந்தால், அவை அறாமல் உருவி வந்தன என்பது பொருள், பிடிப்பு போதவில்லை. முனை ஒட்ட அறுந்திருந்தால் பிடிப்பு நன்று. இயந்திரம் காட்டும் எண்ணோடு கண் காட்டும் இச்சான்றையும் சேர்த்துப் பார்க்க வேண்டும்.

நெசவாளரும் விவசாயியும் அறிய வேண்டுவன

பிசின் பலகைக்கான துணி, உடுக்கும் துணியினின்றும் வேறுபட்டது. முதலாவது, பாவிலேற்றிய கஞ்சியை முற்றும் நீக்க வேண்டும். கஞ்சிப் படலம் பிசின் நூலைப் பற்றாமல் தடுக்கும். பருத்தியின் இயற்கை மெழுகையும் காரத்தில் வேகவைத்து அகற்ற வேண்டும். இரண்டாவது, முறுக்கு மிகுந்த நூலினுள் பிசின் புகாது. முறுக்கு குறைந்த நூல் நன்று. மூன்றாவது, சாதா நெசவில் நூல் மேலும் கீழும் அலைபோல் வளைந்து செல்வதால், இழுக்கும்போது முதலில் அவ்வளைவு நிமிர்கிறது, விறைப்பு குறைகிறது. ட்வில், சாட்டின் நெசவுகளில் அவ்வளைவு குறைவு. நான்காவது, கட்டுத் துணி போன்ற இடைவெளி நெசவில் பிசின் எளிதில் புகும். ஆனால் நாரின் பங்கு குறைந்துவிடும். ஐந்தாவது, பருத்தி காற்றிலிருந்தே நூற்றுக்குச் சுமார் 8.5 பங்கு ஈரத்தை ஏற்கும். உலர்த்தாமல் தோய்த்தால் பிடிப்பு கெடும்.

விவசாயிகள் அறிய வேண்டுவது நாரின் ஏற்றத்தாழ்வு. நூல்களில் காணும் அளவுப்படி இழுவை வலிமை பருத்திக்குச் சுமார் 287 முதல் 597 மெகாபாஸ்கல் வரை. கற்றாழை இனத்துச் சிசல் நாருக்கு 511 முதல் 635 வரை. தேங்காய் நாருக்குச் சுமார் 175. கண்ணாடி நாருக்கோ 2,000-க்கும் மேல். ஆயினும் கண்ணாடியின் அடர்த்தி 2.5, பருத்தியின் அடர்த்தி 1.5 மட்டுமே. எடை குறைய வேண்டிய இடத்தில் நம் நாருக்கு மதிப்பு உண்டு. ஐரோப்பாவில் மோட்டார் கார்களின் உட்கதவுப் பலகைகளுக்குச் சணல் இனத்து நார்கள் பயன்பட்டு வருவது இதனாலேயே. வாழை நார் மரத்துக்கு மரமும், தண்டின் உட்புறத்துக்கும் வெளிப்புறத்துக்கும் வேறுபடும். வகை பிரித்து, ஒரே சீராக உலர்த்தித் தரும் சங்கமே நல்ல விலை பெறும்.

சான்றிதழைப் படிக்கும் முறை

ஒரு வணிகர் சங்கத்திற்கு வந்து, "எங்கள் தாவரப் பிசினில் உங்கள் துணியைத் தோய்த்த பலகையின் பலம் 60, ஐயாயிரம் மீட்டர் துணி நெய்து கடனுக்குத் தாருங்கள், பலகை விற்றவுடன் பணம் தருகிறோம்" என்று சொல்வதாகக் கொள்வோம். இங்கே பணயம் வைக்கப்படுவது சங்கத்தின் நூலும், நெசவாளரின் கூலியும், அங்கத்தினரின் பங்குத் தொகையுமாகும். பலகை வெயிலில் வளைந்து திரும்பி வந்தால், வணிகர் வேறு ஊர் போய்விடலாம். சங்கம் அவ்விடத்திலேயே இருந்து பதில் சொல்ல வேண்டும்.

அறுபது என்ற அந்த எண்ணை மட்டும் கொண்டு ஒன்றும் முடிவு செய்ய இயலாது. ஓர் உதாரணக் கணக்கைப் பார்ப்போம். ஒரு பலகையின் ஐந்து துண்டுகள் 60, 61, 59, 60, 60 என்ற அளவில் அறுந்தன. மற்றொன்றின் ஐந்து துண்டுகள் 82, 74, 60, 48, 36 என்ற அளவில் அறுந்தன. இரண்டின் சராசரியும் 60-தான். ஆனால் இரண்டாவது பலகையை நம்பி நாற்காலி செய்தால், 36-இல் அறும் இருக்கையில் அமர்ந்தவர் கீழே விழுவார். ஒரே நம்பர் நூலில் மெல்லிய இடங்கள் இருந்தால் தறியில் என்ன நேரும் என்பதை அறிந்த நெசவாளருக்கு இதனை மேலும் விளக்க வேண்டியதில்லை.

ஆகையால், நிர்வாகக் குழு கீழ்க்கண்டவற்றைச் சான்றிதழில் தேட வேண்டும்.

1. அளவின் பெயர்: இழுவையா, வளைவா, தாக்கா? அலகு யாது?

2. சோதனை முறையின் எண்: ஏ.எஸ்.டி.எம். அல்லது ஐ.எஸ்.ஓ. எண் குறிக்கப்பட்டுள்ளதா?

3. துண்டுகள் எத்தனை? ஐந்துக்குக் குறையலாகாது. ஒவ்வொன்றின் அளவும் தரப்பட்டுள்ளதா?

4. துணிப் பலகையாயின், பாவு வாக்கிலும் ஊடை வாக்கிலும் தனித்தனியே சோதிக்கப்பட்டதா? மூலை வாக்கில் துணி தொய்வதுபோல் பலகையும் தளரும்; அவ்வளவும் வேண்டும்.

5. இளகும் வெப்பநிலை யாது? ஒரு நாள் நீரில் ஊறியபின் எடை எவ்வளவு ஏறியது, வலிமை எவ்வளவு இறங்கியது?

6. தாவரக் கார்பனின் பங்கு நூற்றுக்கு எவ்வளவு?

7. சோதித்தவர் யார்? விற்பவரின் சொந்தச் சோதனைச்சாலையா, என்.ஏ.பி.எல். அங்கீகாரம் பெற்ற வேறு நிலையமா? 1968-இல் சென்னையில் நிறுவப்பட்ட சிப்பெட் என்னும் மத்திய பிளாஸ்டிக் நிலையத்திற்கு மதுரையிலும் கிளை உண்டு, அங்கு விசாரிக்கலாம்.

ஒரு கூட்டத்தில் அங்கத்தினர் ஒருவர், "சோதனைக் கட்டணம் யார் தருவது?" என்று கேட்டார். நல்ல கேள்வி. துணி நெய்வதற்கு முன் விற்பவரே தருவது முறை. அவர் மறுத்தால், அந்த மறுப்பே ஒரு சான்றிதழாகும். வேறு வழியில்லாதபோது சங்கங்கள் இரண்டு மூன்று சேர்ந்து பகிர்ந்து கொள்ளலாம். ஐயாயிரம் மீட்டர் துணியின் நூல் விலையோடு ஒப்பிட்டால் அது சிறு தொகையே.

இறுதியாகச் சில எச்சரிக்கைகள்

தாவரப் பிசின் என்றதும் அது மண்ணில் மக்கிவிடும் என எண்ணலாகாது. இறுகிய எபாக்சி எந்த மூலத்திலிருந்து வந்ததாயினும் எளிதில் மக்குவதில்லை. உருக்கி மீண்டும் வார்க்கவும் இயலாது. இறுகாத பிசினும் கெட்டியாக்கியும் தோலில் பட்டால் அரிப்பும் கொப்புளமும் உண்டாகும். கையுறையும் காற்றோட்டமும் இன்றி எந்த அங்கத்தினரையும் இவ்வேலையில் இறக்கக் கூடாது.

மூன்றாவது கேள்விக்கு விடை இதுவாகும். தடுப்புப் பலகை, தட்டு, பெட்டி, வண்டியின் உட்பலகை போன்ற, நிழலில் இருந்து மிதமான பாரம் தாங்கும் பொருள்களில் நம் துணிக்கும் நாருக்கும் இடம் உண்டு. மழையிலும் வெயிலிலும் நிற்கும் கூரைக்கும், பெரும் பாரம் சுமக்கும் உத்திரத்திற்கும் இதனை இப்போது நம்புவது விவேகமன்று. நிர்வாகக் குழுக்கள் முதலில் சிறு அளவில், ஐம்பது மீட்டர் துணியில், கஞ்சி நீக்கிய மாதிரி தயாரித்து, சோதனைக்கு அனுப்பி, வந்த அளவுகளை மகாசபை முன் வைத்து, பின்னரே பேரளவு ஒப்பந்தம் பற்றித் தீர்மானிக்க வேண்டும். ஒப்பந்தத்தில் ஒவ்வொரு தொகுதிக்கும் சோதனை உண்டு என்ற விதியையும், முத்திரையிட்ட மாதிரித் துண்டு சங்க அலுவலகத்தில் இருக்க வேண்டும் என்ற விதியையும் சேர்த்தல் நலம். நூலின் பலம் பார்த்து வாங்கத் தெரிந்த நம் சங்கங்களுக்குப் பிசினின் பலம் பார்ப்பது கடினமான காரியமன்று.